மயாமி கடற்கரையில் ஒரு சுவரொட்டி

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். காபி போட்டு வைத்துக்கொண்டு உட்காருங்கள். அவசரமாகப் பார்த்துவிட்டுக் கட்டை விரலை மட்டும் போட்டுவிட்டுப் போகிறவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும்!

இரண்டு வாரத்துக்கு முன்னால் ராத்திரி ஒன்பதரை மணிக்கு ஒரு போன். என்னிடம் படித்த பையன், இப்போது இதய மருத்துவர். பெயரைப் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டான், அதனால் போடவில்லை. குரலே சரியில்லை. என்ன கண்ணு என்று கேட்டேன். டெல்லியில் ஒரு மருத்துவ மாநாட்டுக்குப் போயிருக்கிறான். இரண்டு வருட வேலையை ஒரு போஸ்டரில் அடக்கி, அங்கே ஒட்டிவிட்டு, பக்கத்திலேயே ஒரு மணி நேரம் நின்றிருக்கிறான்.

"மூணு பேர் வந்தாங்க டீச்சர். ஒருத்தர் டீ எங்க குடுக்கறாங்கன்னு கேட்டாரு. ஒருத்தர் எதையும் படிக்காம போட்டோ மட்டும் எடுத்துட்டுப் போயிட்டாரு. மூணாவது ஆளு பெரிய டாக்டருங்க. மேலயும் கீழயும் பார்த்துட்டு, இதெல்லாம் நடைமுறைக்கு வராது தம்பின்னு சொல்லிட்டுப் போயிட்டாரு."

பரிசு வேறு யாருக்கோ போயிருக்கிறது. அதைப் பற்றி அவன் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. அந்தக் கடைசி வார்த்தைதான் உள்ளே போய் உட்கார்ந்துவிட்டது.

நான் ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் படித்துவிட்டு நடுநிலைப் பள்ளியில் பாடம் நடத்தியவள். மருத்துவ மாநாட்டைப் பற்றி எனக்கு என்ன தெரியும் என்று நீங்கள் கேட்கலாம். வீட்டுக்காரருக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்தபோது, அது என்ன, எப்படி வந்தது என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். ஓய்வு பெற்றவளுக்கு நேரம்தான் இருக்கிறதே. அப்படிப் படித்தபோது கிடைத்த ஒரு கதையை அன்றைக்கு அவனிடம் பாதி சொன்னேன். அதற்குள் அவனுக்கு மருத்துவமனையிலிருந்து அழைப்பு வந்துவிட்டது. முழுசையும் இங்கே எழுதுகிறேன். மற்றவர்களும் படியுங்கள். உங்கள் வீட்டில் யாராவது ஆஞ்சியோ செய்துகொண்டிருந்தால் இது உங்கள் கதையும்தான்.

மருத்துவர்கள் மாநாடு கூடினால் வெறும் பேச்சு மட்டும் இருக்காது. காட்டிப் புரிய வைப்பதும் உண்டு, நம் பள்ளிக் கண்காட்சி மாதிரியே. 1881-இல் லண்டனில் ஓர் உலக மருத்துவ மாநாடு நடந்தது. ஜெர்மனியிலிருந்து ராபர்ட் காக் வந்திருந்தார். காசநோய்க் கிருமியை அவர் அடுத்த ஆண்டுதான் கண்டுபிடித்து அறிவித்தார். லண்டனில் அவர் காட்டியது வேறு. ஒரு கிருமியை மற்ற கிருமிகளோடு கலக்காமல் தனியாகப் பிரித்து, கெட்டியான ஜெலட்டின் மேல் வளர்க்கும் முறையைச் செய்து காட்டினார். பார்க்க வந்தவர்களில் பிரான்சின் லூயி பாஸ்டரும் ஒருவர். இரண்டு நாடுகளுக்கும் போர் முடிந்து பத்து வருடம்தான் ஆகியிருந்தது. பாஸ்டருக்கு ஜெர்மானியர் என்றாலே ஆகாது. அப்படிப்பட்டவர் காக்கின் கையைப் பிடித்து, இது பெரிய முன்னேற்றம் என்று சொன்னாராம். பிற்பாடு இந்த இருவரும் ஜென்ம விரோதிகள் மாதிரி சண்டை போட்டுக்கொண்டார்கள், அது தனிக்கதை. ஆனால் அந்த ஒரு நிமிடம், கண்ணுக்கு முன்னால் இருந்ததைப் பார்த்தார், பார்த்ததைச் சொன்னார்.

அமெரிக்க மருத்துவச் சங்கம் 1899-இல் தன் ஆண்டுக் கூட்டத்தோடு அறிவியல் கண்காட்சியையும் சேர்த்துக்கொண்டது. நோயால் கெட்டுப்போன உறுப்புகளைக் குடுவைகளில் போட்டு, படங்களோடு வைத்திருந்தார்கள். ஊர்ப்புறத்தில் தனியாக வைத்தியம் பார்க்கும் மருத்துவர் அப்படிப்பட்டதை வேறு எங்கே பார்க்க முடியும்? பிறகு நல்ல கண்காட்சிக்குப் பதக்கம் கொடுக்கும் வழக்கமும் வந்தது. இப்போது சிகாகோவில் ஆண்டுதோறும் நடக்கும் எக்ஸ்ரே, ஸ்கேன் மருத்துவர்களின் மாநாட்டில் கல்விக் கண்காட்சிகளுக்கு லத்தீன் பெயர் வைத்த விருதுகள் எல்லாம் தருகிறார்கள். அந்த மாநாட்டின் கண்காட்சிகள் நாலு நாளில் கழற்றப்பட்டு வீணாகக் கூடாது என்றுதான் 1981-இல் ஒரு பத்திரிகையையே தொடங்கினார்கள். இது நல்ல யோசனை. நம் பள்ளிகளில் கண்காட்சி முடிந்த மறுநாள் எத்தனை தெர்மாகோல் அட்டைகள் குப்பைக்குப் போயிருக்கும், நினைத்துப் பாருங்கள்.

போஸ்டர் என்கிற வடிவம் பிற்பாடு வந்தது. மேடையில் பேச எல்லோருக்கும் நேரம் ஒதுக்க முடியாது. ஆராய்ச்சி செய்கிறவர்கள் பெருகிவிட்டார்கள். அதனால் ஒரு பலகையைக் கொடுத்து, உன் வேலையை இதில் ஒட்டு, பக்கத்தில் நில், விருப்பப்பட்டவர்கள் வந்து கேட்பார்கள் என்று விட்டுவிட்டார்கள். 1970-களில் அமெரிக்க மாநாடுகளில் இது பரவியது. மேடை கிடைத்தவருக்கு ஒரு மரியாதை, பலகை கிடைத்தவருக்கு அதைவிட ஒரு படி கீழான மரியாதை. இன்றைக்கும் அப்படித்தான் என்று நம்ம டாக்டர் பையன் சொல்கிறான்.

அப்படிப் பலகை கிடைத்த ஒருவர்தான் ஆந்திரியாஸ் குருன்ட்சிக்.

1939-இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்தில் பிறந்தவர். அப்பா போருக்குப் போய்த் திரும்பவில்லை. போருக்குப் பின் அவர்கள் வாழ்ந்த பகுதி கிழக்கு ஜெர்மனி ஆயிற்று. பெர்லின் சுவர் எழும்புவதற்கு முன்பே பையன் மேற்கே வந்துவிட்டார். ஹைடல்பெர்க்கில் மருத்துவம் படித்து, 1969-இல் சுவிட்சர்லாந்தின் சூரிச் பல்கலைக்கழக மருத்துவமனையில் ரத்தக்குழாய்ப் பிரிவில் சேர்ந்தார்.

அந்தக் காலத்தில் இதய ரத்தக்குழாயில் அடைப்பு என்றால் மாத்திரை கொடுப்பார்கள். அதற்கு அடங்கவில்லை என்றால் நெஞ்செலும்பைப் பிளந்து பைபாஸ் செய்ய வேண்டும். பைபாஸே அப்போது புதிது. அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் ஃபவலோரோ என்ற அர்ஜென்டினா நாட்டு அறுவை மருத்துவர் 1967-இல் காலின் சிரைக்குழாயை எடுத்து இதயத்தில் ஒட்டுப்போடத் தொடங்கிய பிறகுதான் அது பரவியது.

நெஞ்சைப் பிளக்காமல், ரத்தக்குழாய் வழியாகவே உள்ளே போய் அடைப்பைத் திறந்தால் என்ன என்று முதலில் செய்து பார்த்தவர் சார்லஸ் டாட்டர் என்ற அமெரிக்க எக்ஸ்ரே மருத்துவர். 1964 ஜனவரியில், 82 வயதுப் பாட்டி ஒருவர் கால் அழுகிய நிலையில் வந்திருந்தார். காலை எடுக்க வேண்டும் என்று அறுவை மருத்துவர்கள் சொல்ல, பாட்டி முடியவே முடியாது என்றுவிட்டார். டாட்டர், ஒன்றைவிட ஒன்று தடிமனான குழாய்களை அடுத்தடுத்துச் செலுத்தி அந்தக் காலின் தமனியை அகலப்படுத்தினார். பாட்டி பிழைத்தார், தன் காலிலேயே நடந்தார். இருந்தும் அமெரிக்காவில் டாட்டருக்குக் கிடைத்த பட்டம் 'கிறுக்கு சார்லி'. அவர் முறையை மதித்துக் கற்றுக்கொண்டவர்கள் ஐரோப்பியர்கள். குருன்ட்சிக்கும் அதை ஜெர்மனியில்தான் பார்த்துப் பழகினார்.

ஆனால் டாட்டரின் முறை காலுக்குத்தான் ஒத்துவரும். இதயத்தின் தமனி மூன்று, நான்கு மில்லிமீட்டர்தான் இருக்கும். தடிமனான குழாயை உள்ளே திணிக்க முடியாது. ஒல்லியாகப் போய், சரியான இடத்தில் மட்டும் விரிய வேண்டும். அதற்குப் பலூன் வேண்டும்.

இங்கேதான் ஒரு சிக்கல். வீட்டில் செய்து பாருங்கள், குழந்தைகளும் ரசிப்பார்கள். பிறந்தநாள் பலூன் ஒன்றை எடுத்து, நடுவில் நூலால் லேசாகக் கட்டிவிட்டு ஊதுங்கள். கட்டிய இடம் அப்படியே இறுகி இருக்கும், இரண்டு பக்கமும் புடைத்துக்கொண்டு உடுக்கை மாதிரி ஆகும். ரப்பர் எங்கே எதிர்ப்பு குறைவோ அங்கேதான் ஊதும். ரத்தக்குழாயில் கொழுப்பு இறுகிய இடம் விரியாமல், பக்கத்தில் இருக்கும் நல்ல குழாய் கிழிந்துவிடும். ஊதினால் ஓர் அளவுக்கு மேல் புடைக்காத, ஆனால் கெட்டியாகத் தள்ளுகிற பலூன் வேண்டும். சைக்கிள் டியூபைத் தனியாக ஊதினால் கண்டபடி புடைக்கும், டயருக்குள் வைத்து ஊதினால் அளவோடு நிற்கும் அல்லவா, அந்த மாதிரி.

குருன்ட்சிக் இதற்காக ஆய்வுக்கூடம் எதையும் தேடவில்லை. கிடைக்கவும் இல்லை. தன் வீட்டுச் சமையலறை மேசையில்தான் வேலை. பகலில் மருத்துவமனை. சாயங்காலம் மனைவி மிகாயேலா, உதவியாளர் மரியா ஷ்லும்ப், மரியாவின் கணவர் வால்டர் எல்லோரும் அந்த மேசையைச் சுற்றி உட்கார்ந்து குழாய், பசை, நூல் என்று வெட்டி ஒட்டிக்கொண்டிருப்பார்கள். எந்தப் பொருளில் பலூன் செய்வது என்று தெரியாமல் திணறியபோது வழி சொன்னவர் ஹைன்ரிக் ஹாப் என்ற வேதியியல் பேராசிரியர். அவர் சொன்ன பொருள் பி.வி.சி. ஆமாம், நம் வீட்டுத் தண்ணீர்க் குழாய் செய்கிற அதே இனம்தான்.

1974 பிப்ரவரியில் அந்தப் பலூனைக் கொண்டு முதல் நோயாளியின் கால் தமனியைத் திறந்தார். பிறகு பலூனை இன்னும் சின்னதாக்கினார். 1975-இல் நாயின் இதயத் தமனியை நூலால் இறுக்கிச் செயற்கையாக அடைப்பு உண்டாக்கி, பலூனால் அதைத் திறந்து பார்த்தார். திறந்தது.

1976 நவம்பரில் அமெரிக்க இதயச் சங்கத்தின் மாநாடு மயாமி கடற்கரையில் கூடியது. நாய்களில் செய்த சோதனையைக் குருன்ட்சிக் அங்கே கொண்டுபோனார். மேடை இல்லை, பலகைதான். படங்களை ஒட்டிவிட்டு, ஜெர்மன் வாசனை வீசும் ஆங்கிலத்தோடு பக்கத்தில் நின்றார். வயது 37.

பார்க்க வந்தவர்களில் பலரும் நம்பவில்லை. அவர்களை முட்டாள்கள் என்று நினைத்துவிடாதீர்கள். அவர்களுடைய சந்தேகங்கள் எல்லாம் நியாயமானவை. துடித்துக்கொண்டிருக்கும் இதயத்தில் பலூனை ஊதினால் அந்த விநாடிகளில் ரத்தம் நின்றுபோகும், இதயம் தாங்குமா? கொழுப்பு உடைந்து துகளாகிக் கீழே போய் இன்னொரு இடத்தை அடைத்தால்? குழாயே கிழிந்தால்? நாய்க்கு நூல் கட்டிய அடைப்பும் மனிதனுக்கு வருடக்கணக்கில் இறுகிய அடைப்பும் ஒன்றா? நான் அங்கே இருந்திருந்தாலும் இதையேதான் கேட்டிருப்பேன்.

அட்லாண்டாவின் எமரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்பென்சர் கிங் என்ற இளம் இதய மருத்துவரும் அந்தப் பலகைக்கு முன்னால் நின்று பார்த்தார். இது ஒருநாளும் நடக்காது என்பதுதான் அவர் சொன்ன கருத்து.

டாக்டர் கண்ணா, உன் மூன்றாவது ஆள் ஞாபகத்துக்கு வருகிறாரா?

ஆனால் அதே பலகைக்கு சான் பிரான்சிஸ்கோவிலிருந்து வந்த ரிச்சர்ட் மைலர் என்ற இன்னொரு மருத்துவரும் வந்தார். அவருக்கும் அதே சந்தேகங்கள் இருந்திருக்கும். ஆனால் அவர் நின்றார், பேசினார், இதை மனிதரில் எப்படிப் பத்திரமாகச் சோதிப்பது என்று யோசித்தார். கூட்டம் கலைந்த பிறகும் தொடர்பு விடவில்லை. 1977 மே மாதம் குருன்ட்சிக் சான் பிரான்சிஸ்கோவுக்குப் போனார். பைபாஸுக்காக நெஞ்சைத் திறந்துவைத்திருந்த நோயாளிகளின் தமனியில், அறுவை மருத்துவர் எலியாஸ் ஹன்னா உடனிருக்க, பலூனை விட்டுப் பார்த்தார்கள். கொழுப்பு உடைந்து துகளாகிறதா என்று கழுவிச் சோதித்தார்கள். பயந்த மாதிரி எதுவும் நடக்கவில்லை. அந்தப் பலகையால் கிடைத்த பலன் என்று கேட்டால் இதுதான். எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் பாராட்டினார்கள் என்பதெல்லாம் கணக்கில் வரவில்லை. ஒரே ஓர் ஆள் 'எப்படி' என்று கேட்டார்.

அதற்கப்புறம் 1977 செப்டம்பர் 16. சூரிச். அடால்ஃப் பாக்மன் என்ற காப்பீட்டுக்காரர், வயது 38, நெஞ்சு வலியோடு படுத்திருந்தார். இதயத்தின் முன்பக்கத் தமனியில் ஒரே ஒரு குட்டையான அடைப்பு. மறுநாளோ அதற்கடுத்த நாளோ பைபாஸ் என்கிற நிலை. பெர்ன்ஹார்ட் மையர் என்ற இளம் மருத்துவர் இப்படியொரு நோயாளி இருக்கிறார் என்று குருன்ட்சிக்கிடம் சொன்னார். குருன்ட்சிக் போய், இதுவரை யாருக்கும் செய்ததில்லை என்பதையும் மறைக்காமல் விளக்கினார். பாக்மன் சரி என்றார். நெஞ்சைப் பிளப்பதைவிட இது மேல் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

அங்கே அறுவைத் துறைத் தலைவர் ஓகே சென்னிங். 1958-இலேயே மனித உடலுக்குள் பேஸ்மேக்கர் பொருத்தியவர். இந்தப் பலூன் ஜெயித்தால் அவர் துறைக்கு வரும் நோயாளிகள்தான் குறைவார்கள். இருந்தும் செய் என்று ஊக்கம் கொடுத்து, ஏதாவது தவறினால் உடனே அறுவை செய்யத் தன் ஆட்களைத் தயாராக நிறுத்திவைத்தார். எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த மனிதர் இவர்தான். தன் பிழைப்பைக் கெடுக்கப்போகும் காரியத்துக்குக் காவல் நின்றவர்.

தொடையின் தமனி வழியாகக் குழாய் போயிற்று. அடைப்புக்குள் பலூன் நுழைந்தது. இரண்டு முறை ஊதினார். இதயம் நிற்கவில்லை. நோயாளி முழு விழிப்போடு படுத்திருந்தார். நெஞ்சு வலி போயிற்று. இவ்வளவு சுலபமாக முடிந்ததில் சுற்றி நின்றவர்களே திகைத்துப்போனார்கள் என்று படித்தேன். பத்து வருடம் கழித்து அட்லாண்டாவில் பாக்மனுக்கு மறுபடி படம் எடுத்துப் பார்த்தார்கள். அந்த இடம் திறந்தே இருந்தது.

அதே 1977-இன் கடைசியில் அதே அமெரிக்க இதயச் சங்கத்தின் அடுத்த மாநாடு, அதுவும் அதே மயாமியில். இந்தமுறை குருன்ட்சிக்குக்கு மேடை. நான்கு நோயாளிகளின் படங்களைக் காட்டினார். ஊதுவதற்கு முன் இப்படி, பின் இப்படி. பேசி முடிப்பதற்குள்ளேயே அரங்கம் கைதட்டத் தொடங்கிவிட்டது. மருத்துவ மாநாடுகளில் அப்படி நடுவில் கைதட்ட மாட்டார்கள். கூட்டத்தில் மேசன் சோன்ஸ் இருந்தார். 1958-இல் இதயத் தமனிக்குள் மருந்து செலுத்திப் படமெடுக்கும் வழியைத் தற்செயலாகக் கண்டவர். இன்று நாம் ஆஞ்சியோகிராம் என்று சொல்வது அவர் போட்ட பாதையில் வந்ததுதான். யாரையும் லேசில் பாராட்டாத முரட்டு மனிதர். கனவு நனவாயிற்று என்று சொல்லிக் கண் கலங்கினாராம்.

ஒரே மாநாடு, ஒரே ஊர், ஒரே பலூன். இடையில் ஒரு வருடம்.

இந்தக் கைதட்டலோடு நிறுத்தினால் சினிமா மாதிரி இருக்கும். ஆனால் எனக்கு அதற்குப் பின்னால் நடந்ததுதான் முக்கியமாகப் படுகிறது. கைதட்டு கிடைத்த பிறகு குருன்ட்சிக் தலைகால் புரியாமல் ஆடவில்லை. 1979-இல் ஐம்பது நோயாளிகளின் கணக்கை வெளியிட்டார். அதில் 32 பேருக்குத்தான் பலித்தது, ஐந்து பேருக்கு அவசரமாக பைபாஸ் செய்ய வேண்டியதாயிற்று, மூன்று பேருக்கு மாரடைப்பின் அடையாளம் தெரிந்தது என்று அப்படியே எழுதினார். நூற்றுக்கு அறுபத்து நான்கு. நம் பழைய கணக்குப்படி முதல் வகுப்புதான், ஆனால் மருத்துவத்தில் அது பெருமைப்படும் எண் இல்லை. அதை ஒளிக்கவில்லை.

இன்னொன்றும் செய்தார். 1978-லிருந்து சூரிச்சில் வகுப்பு நடத்தினார். உலகம் முழுவதிலுமிருந்து மருத்துவர்கள் வந்து அரங்கில் உட்கார, அவர் சிகிச்சை செய்வதைத் தொலைக்காட்சி வழியே நேரடியாகக் காட்டினார். பதிவு செய்து, வெட்டி ஒட்டி, நன்றாக வந்ததை மட்டும் காட்டுகிற வேலை இல்லை. அடைப்பைத் தாண்ட முடியாமல் பலூன் திரும்பினாலும் பார்ப்பார்கள். நடுவில் கேள்வி கேட்பார்கள், அவர் செய்துகொண்டே பதில் சொல்வார். மாதிரி வகுப்பு எடுக்கும்போது பின்வரிசையில் அதிகாரி உட்கார்ந்தால் நமக்கு எப்படி வியர்க்கும் என்று ஆசிரியத் தோழிகளுக்குத் தெரியும். இவர் உயிரோடு விளையாடும் வேலையை அத்தனை பேர் கண்ணுக்கு முன்னால் வைத்தார். பலகைக்கு முன்னால் நின்று 'நடக்காது' என்று கேட்ட மனிதர், வந்து பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்று கதவைத் திறந்துவிட்டார். இப்போது இதய மாநாடுகளில் நேரடிச் செயல்விளக்கம் சாதாரணம். அந்தப் பழக்கத்தை நிலைநாட்டியவை சூரிச் வகுப்புகள்தான்.

1980-இல் அவர் அமெரிக்கா போனார். எங்கே? எமரி பல்கலைக்கழகம். ஸ்பென்சர் கிங் இருந்த அதே இடம். இருவரும் ஒரே துறையில் தோளோடு தோள் நின்று வேலை செய்தார்கள். கிங் பிற்பாடு இந்தத் துறையின் பெரிய தலைவர்களில் ஒருவரானார். மயாமியில் தான் சொன்ன தவறான தீர்ப்பை அவர் மறைக்கவே இல்லை. கேட்டவர்களுக்கெல்லாம் அவரே சொல்லியிருக்கிறார். அதனால்தான் அந்த வார்த்தை எனக்கும் உங்களுக்கும் தெரிகிறது.

நம் ஊருக்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு. எமரியில் குருன்ட்சிக்கிடம் பயிற்சி பெற்றவர்களில் கேரளத்தில் பிறந்த மேத்யூ சாமுவேல் களரிக்கல் ஒருவர். அவர் திரும்பி வந்து 1986-இல் சென்னை அப்போலோ மருத்துவமனையில் செய்ததுதான் இந்தியாவின் முதல் இதய பலூன் சிகிச்சை என்று சொல்கிறார்கள். பிறகு எத்தனையோ பேருக்குக் கற்றுக்கொடுத்தார். 2025-இல் சென்னையில் காலமானார். நம் மாவட்டத்தில் இன்றைக்கு ஸ்டென்ட் வைக்கும் மருத்துவரிடம் உங்கள் குரு யார், அவருக்குக் குரு யார் என்று கேட்டுக்கொண்டே போனால் எங்கோ ஓரிடத்தில் அந்தச் சமையலறை மேசை வந்துவிடும்.

குருன்ட்சிக் அதைப் பார்க்க இருக்கவில்லை. 1985 அக்டோபர் 27, அவரே ஓட்டிச்சென்ற சிறு விமானம் ஜார்ஜியா மாநிலத்தில் விழுந்தது. அவரும் அவருடைய இரண்டாவது மனைவியும் இறந்தார்கள். வயது 46. டாட்டரும் சோன்ஸும் அதே 1985-இல்தான் இறந்தார்கள். பலூனோடு ஸ்டென்ட் என்கிற கம்பிவலைக் குழாயை இதயத் தமனியில் வைக்கத் தொடங்கியது அடுத்த ஆண்டு. மூவரில் ஒருவரும் அதைப் பார்க்கவில்லை.

இனி என் சங்கதி ஒன்று. கிங் தன் கதையைத் தானே சொன்னார் என்று படித்ததிலிருந்து இது உறுத்திக்கொண்டே இருக்கிறது.

1990-களின் தொடக்கம். ஒன்றிய அளவில் அறிவியல் கண்காட்சி. நான் நடுவர்களில் ஒருத்தி. ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் குளுக்கோஸ் பாட்டிலும் அதன் டியூபும் கொண்டு வந்து, தொட்டியில் நட்ட வாழைக்கன்றுக்கு மேலே தொங்கவிட்டிருந்தான். சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வேரில் விழும். சக்கரத்தைத் திருகினால் கூடும், குறையும். அவன் அப்பா தோட்டத்தில் கிணறு வற்றிப்போன வருடம் அது. எவ்வளவு தண்ணீர் மிச்சமாகும் என்று ஒரு சார்ட்டில் கணக்குப் போட்டு எழுதியிருந்தான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஒரு ஏக்கருக்கு எத்தனை பாட்டில் தொங்க உடுவே? நடக்கற காரியமா சொல்லு சாமி" என்றேன். பக்கத்தில் இருந்த நடுவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. முதல் பரிசு எரிமலைக்குக் கொடுத்தோம். சோடா மாவும் வினிகரும் பொங்குமே, அதற்கு. வருடா வருடம் பொங்குகிற அதே எரிமலை.

பார்வையாளர் குறிப்பேட்டில் அவன் பலகைக்கு நேராக 'நன்று' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எல்லோருக்கும் அதையேதான் எழுதினேன்.

சொட்டு நீர்ப் பாசனம் உலகத்தில் அப்போதே இருந்தது, அது அவன் கண்டுபிடிப்பு இல்லை. ஆனால் அவனுக்கு அது தெரியாது. தானாகத்தான் யோசித்தான். என் கேள்விக்குப் பதிலும் இருந்தது: பாட்டிலுக்குப் பதில் ஒரே ஒரு தொட்டி, நீளமான குழாய், அதில் ஓட்டைகள். இன்னும் ஐந்து நிமிடம் நின்று 'எப்படி' என்று கேட்டிருந்தால் அவனே சொல்லியிருப்பான். இப்போது நம் பக்கம் தோட்டம் தோட்டமாகக் கருப்புக் குழாய் ஓடுகிறது. பஸ்ஸில் போகும்போது ஒவ்வொரு முறையும் பார்க்கிறேன்.

அவன் அடுத்த வருடம் கண்காட்சிக்கு வரவில்லை. பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டான். அதற்கு நான்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன், வீட்டுக் கஷ்டம் பெரியது. இப்போது திருப்பூரில் சொந்தமாகத் தொழில் செய்கிறான், நன்றாக இருக்கிறான். நான் ஓய்வு பெற்ற அன்று மாலையோடு வந்தான். அந்தக் கண்காட்சியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, நானும் பேசவில்லை. இந்தப் பக்கத்தில் நான் எதைப் போட்டாலும் முதல் பத்துப் பேருக்குள் அவன் வந்துவிடுவான். இதையும் படித்துக்கொண்டிருப்பாய். அது நீதான் கண்ணு. அன்றைக்கு நான் உன் சார்ட்டைப் படிக்கவே இல்லை. மன்னித்துக்கொள்.

டாக்டர் பையனுக்கு நேற்று நானே போன் போட்டேன். உன் போஸ்டரில் என்னதான் எழுதியிருந்தாய், எனக்குப் புரிகிற மாதிரி சொல் என்றேன். நாற்பது நிமிடம் சொன்னான். பாதி புரியவில்லை. மூன்று கேள்வி கேட்டேன். இரண்டாவது கேள்விக்கு அவனிடம் பதில் இல்லை, யோசித்துச் சொல்கிறேன் டீச்சர் என்றான். போஸ்டரை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறான். போனில் எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி இருக்கிறது. சனிக்கிழமை பேரன் வருவான், கம்ப்யூட்டரில் பெரிதாக்கிக் காட்டச் சொல்ல வேண்டும்.